ஆய்வு நடைபெறும் ஏரியில் பொதுமக்களை ஏன் மீன் பிடிக்க விடுகிறார்கள்?

நீர்க்கரை கேட்டது:
மீன்வள ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஏரிகள் சிலவற்றில் பொதுமக்களும் தூண்டில் போட அனுமதிக்கப்படுவதாகப் படித்தேன். ஏரியில் எத்தனை மீன்கள் உள்ளன, அவை எவ்வளவு விரைவாக வளர்கின்றன என்று ஆண்டுக்கணக்கில் அளந்து வருபவர்கள், அதே நீரிலிருந்து யார் யாரோ மீன்களை எடுத்துச் செல்வதை ஏன் ஏற்கிறார்கள்? அங்கு செல்பவருக்கு என்ன பொறுப்புகள் உண்டு?

செதில் எழுதியது:
பல ஏரிகளில் மீன்பிடிப்பின் விளைவைத்தான் ஆராய்கிறார்கள். தூண்டில்காரர்களை விலக்கிவிட்டால் ஆராய்வதற்கே ஒன்றும் இராது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள எஸ்கனாபா ஏரியில் 1946 முதல் இந்த முறை நடைமுறையில் உள்ளது. அங்கு மீன் பிடிக்க வருபவர் கட்டணமில்லாத அனுமதிச் சீட்டைப் பெற்றுக்கொண்டு, திரும்பும்போது தாம் பிடித்தவற்றை ஆய்வு நிலையத்தில் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டும். கனடாவில் அல்கோன்குயின் பூங்காவின் ஒபியோங்கோ ஏரியிலும் 1936-இல் பிடிப்புக் கணக்கெடுப்பு தொடங்கியது. இத்தனை நீண்ட காலத் தரவை ஒரு சில ஆய்வாளர்கள் தம் வலைகளை மட்டும் கொண்டு திரட்டியிருக்க முடியாது.

மீன்தொகையை மதிப்பிடுவதிலும் தூண்டில்காரரின் பங்கு நேரடியானது. ஆய்வாளர்கள் 500 மீன்களுக்கு அடையாளக் குறியிட்டு ஏரியில் விட்டதாகவும், பின்னர் பிடிபட்ட 200 மீன்களில் 20 குறியுடன் இருந்ததாகவும் வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு பங்கு குறியுடையவை என்பதால், ஏரியில் ஏறத்தாழ 5,000 மீன்கள் இருப்பதாகக் கணிக்கலாம். ஆனால் குறியிருந்த மீன்களில் பாதியைக் குறியில்லாதவை என்று எழுதிவிட்டால், அதே கணக்கு 10,000 என்று காட்டும். இல்லாத மீன்களை நம்பிப் பிடிப்பு வரம்பைத் தளர்த்தும் நிலை ஏற்படும். ஆகவே குறியைத் தேடிப் பார்ப்பதும், அதன் எண்ணைச் சரியாக எழுதுவதும் சிறு வேலைகளாகத் தோன்றினாலும், அவற்றின் மீதுதான் முழு மதிப்பீடும் நிற்கிறது.

ஆழநீர் எழுதியது:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் எல்லா ஆய்வு ஏரிகளுக்கும் அது பொருந்தாது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட பரிசோதனை ஏரிகள் பகுதியில், 260 என்ற எண்ணுடைய ஏரியில் 2001 முதல் 2003 வரை கருத்தடை மாத்திரைகளில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை மிகச் சிறிய அளவில் கலந்தார்கள். அங்கிருந்த ஒரு சிறு மீனினம் ஏறக்குறைய அழியும் நிலைக்கு வந்தது. அத்தகைய ஏரியில் பொதுமக்களும் மீன் பிடித்திருந்தால், குறைவுக்குக் காரணம் வேதிப்பொருளா தூண்டிலா என்று பிரித்தறிவது கடினமாகியிருக்கும். மீன்பிடிப்பு அல்லாத ஒரு காரணத்தை ஆராயும் ஏரியை மூடி வைப்பதே முறை என்பது என் கருத்து.

நீர்க்கரை:
இருவருக்கும் நன்றி. நாள் முழுவதும் அமர்ந்தும் ஒன்றும் சிக்காவிட்டால் அதையும் தெரிவிக்க வேண்டுமா? பிடித்து விடுவித்த மீன்களைக் கணக்கில் சேர்ப்பார்களா?

செதில்:
இரண்டையும் அவசியம் தெரிவிக்க வேண்டும். பிடிப்பை அதற்குச் செலவான மணிநேரத்தால் வகுத்துத்தான் அளக்கிறார்கள்; வெறுங்கையுடன் திரும்பியவர்கள் பதிவு செய்யாமல் சென்றுவிட்டால், மீன் கிடைத்தவர்களின் நேரம் மட்டுமே கணக்கில் நின்று, ஏரி உண்மையில் இருப்பதைவிடச் செழிப்பாகத் தெரியும். விடுவித்த மீன்களிலும் ஒரு பகுதி, குறிப்பாகக் கொக்கியை ஆழமாக விழுங்கியவை, பின்னர் இறந்துவிடுகின்றன. ஆதலால் அவற்றின் நீளத்தையும் கொக்கி மாட்டிய இடத்தையும் கேட்டால் பொறுமையாகச் சொல்லுங்கள்.

ஒரு மணிநேரத்துக்கு எத்தனை மீன் என்ற இந்த அளவீட்டுக்கும் ஒரு குறை உண்டு. மீன்கள் சில இடங்களில் கூட்டமாகச் சேரும் பழக்கம் உடையவை. அந்த இடங்களை அறிந்தவர்கள் அங்கேயே தூண்டில் போடுவதால், மொத்தத் தொகை சரிந்த பிறகும் ஒரு மணிநேரப் பிடிப்பு நெடுநாள் குறையாமல் இருக்கக்கூடும். அதனால்தான் ஆய்வாளர்கள் தம் வலைகளாலும் மின்சாரத்தால் மீன்களைச் சற்று மயக்கிப் பிடிக்கும் மின்னதிர்ச்சி முறையாலும் தனியே ஒரு கணக்கெடுப்பை நடத்துகிறார்கள்.

ஆழநீர்:
ஒன்றைச் சேர்க்கிறேன். மிஞ்சிய உயிர் இரைமீன்களை ஏரியில் கொட்டாதீர்கள். வேற்று மீனினமோ நோய்க்கிருமியோ அவற்றோடு உள்ளே புகுந்துவிட்டால், பல்லாண்டுகளாகத் திரட்டிய ஒப்பீடு அந்த ஆண்டோடு முறிந்துவிடும். மீண்டும் பழைய ஏரியைப் பெற வழியிராது. படகையும் வலைக்கூடையையும் வேறொரு நீர்நிலையிலிருந்து கொண்டு வந்தால், நன்றாகக் கழுவி உலர்த்திய பிறகே இறக்குங்கள்.