லண்டனில் ஜான் சோன் இல்ல அருங்காட்சியகம்: விளக்கப் பலகைகள் இல்லாத வீட்டை எப்படிப் பார்ப்பது?

கேள்வி

வணக்கம். அடுத்த மாதம் என் தாயாருடன் லண்டன் செல்லவிருக்கிறேன். ஒரு நாள் காலைப் பொழுதை லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் சதுக்கத்தில் உள்ள சர் ஜான் சோன் அருங்காட்சியகத்திற்காக ஒதுக்கியிருக்கிறேன். அவர் இங்கிலாந்து வங்கியின் கட்டடக்கலைஞராக நெடுங்காலம் இருந்தவர் என்பதும், தாம் வாழ்ந்த வீட்டையே அருங்காட்சியகமாக விட்டுச் சென்றார் என்பதும் தெரியும். அதற்கு மேல் அதிகம் தெரியாது.

என் தயக்கத்திற்குக் காரணம் உண்டு. முன்பு வேறொரு நகரத்தில் இப்படியொரு பழைய வீட்டைப் பார்க்கப் போனோம். கயிறு கட்டிய வாசல்களுக்கு வெளியே நின்று, ஒவ்வோர் அறையிலும் இருந்த பலகையைப் படித்து, நாற்காலி எந்த ஆண்டு செய்யப்பட்டது, தட்டு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு வெளியே வந்தோம். அந்த வீட்டில் யாரோ வாழ்ந்தார்கள் என்ற உணர்வு மட்டும் எங்களுக்குக் கிடைக்கவேயில்லை. சோன் வீட்டில் விளக்கப் பலகைகளே கிடையாது என்றும், சுவர் முழுவதும் பொருள்கள் நெருக்கமாக நிறைந்திருக்கும் என்றும் படித்தேன். படிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் நாங்கள் இன்னும் அதிகமாகத் தடுமாறுவோமோ என்று அஞ்சுகிறேன்.

அங்கே சென்றவர்கள், எங்கிருந்து தொடங்குவது, எதற்கு அதிக நேரம் தருவது என்று வழிகாட்ட வேண்டுகிறேன். என் தாயாருக்கு எழுபது வயது ஆகிறது. நடப்பார், ஆனால் படிகள் சிரமம். மாலையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வீட்டைக் காட்டும் நிகழ்ச்சிகள் உண்டு என்கிறார்களே, அவற்றுக்குச் செல்வது மேலா?

பதில் 1

வணக்கம். நான் அந்த வீட்டிற்கு நான்கு முறை சென்றிருக்கிறேன். முதல் முறை உங்களைப் போலவே பொருள்களைத் தேடிப் போனேன், பாதியிலேயே களைத்துவிட்டேன். அங்கே பார்க்க வேண்டியது முதலில் வீடு, பிறகுதான் பொருள்கள் என்பது இரண்டாம் முறைதான் எனக்குப் புரிந்தது.

போவதற்கு முன் அவருடைய வாழ்க்கையை ஓரளவு தெரிந்துகொள்ளுங்கள். சோன் 1753இல் ஒரு கொத்தனாரின் மகனாகப் பிறந்தவர். 1788 முதல் 1833 வரை, நாற்பத்தைந்து ஆண்டுகள் இங்கிலாந்து வங்கியின் கட்டடப் பொறுப்பு அவரிடம் இருந்தது. அவர் அங்கே எழுப்பிய மண்டபங்களில் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டு, சுற்றுமதில்தான் எஞ்சியது. ஆகவே அவருடைய கட்டடக்கலையை உள்ளே நின்று உணர விரும்புகிறவருக்கு இந்த வீடு மிகவும் முக்கியமானது. 12, 13, 14 என்ற மூன்று வீட்டு மனைகளை 1792 முதல் 1824 வரை ஒவ்வொன்றாக வாங்கி, இடித்துக் கட்டி, பின்பக்கங்களை ஒன்றோடொன்று இணைத்தார். 1806இல் ராயல் அகாடமி என்ற கலைக் கழகத்தில் கட்டடக்கலைப் பேராசிரியரான பின், தம் விரிவுரைகளையொட்டி மாணவர்களுக்கு வீட்டைத் திறந்துவைத்தார். ரோமானியத் தூணின் தலைப்பகுதியும் கிரேக்கச் சிலையின் பிளாஸ்டர் வார்ப்பும் அங்கே தோளுரசி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்களின் கண்ணுக்குப் பயிற்சி தர அடுக்கியவை அவை.

நீங்கள் 13ஆம் எண் வீட்டிலிருந்து தொடங்குங்கள். சிவப்பு வண்ணம் பூசிய நூலகமும் உணவறையும் முதலில் வரும். அங்கே அவசரப்படாமல் காலை உணவுக்கூடத்திற்குச் சென்று நில்லுங்கள். சிறிய அறைதான், ஆனால் அதன் மேல் ஒரு குடையை விரித்தது போல் தட்டையான குவிமாடம் மிதக்கிறது. குவிமாடம் சுவர்களைத் தொடாமல் நிற்க, அதற்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெளியில் கண்ணுக்குத் தெரியாத உயரத்திலிருந்து வெளிச்சம் சுவர் வழியே வழிந்து இறங்குகிறது. குவிமாடத்தில் பதித்த சிறு குவியாடிகள் ஒவ்வொன்றிலும் முழு அறையும், அதில் நிற்கும் நாமும், நெல்மணி அளவில் தெரிகிறோம். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்கே பத்து நிமிடம் தாருங்கள். அந்தத் தேடலைக் கற்றுக்கொண்டால் மற்ற அறைகள் தாமாகவே திறந்துகொள்ளும். பின்பக்கத்தில் கூரைச் சாளரங்கள் சிலவற்றில் மஞ்சள் கண்ணாடி பதித்திருப்பார். மேகமூட்டமான லண்டன் நாளிலும் இத்தாலிய வெயில் போன்ற ஒளி சிலைகள் மேல் விழ வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அடுத்தது ஓவிய அறை. ஏறக்குறைய பதிமூன்று அடிக்குப் பன்னிரண்டு அடி. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அதற்குள் இருக்கின்றன. சுவர்கள் என்று நாம் நினைப்பவை கீல் வைத்த பெரிய கதவுகள். ஊழியர் அவற்றைத் திறக்கும்போது உள்ளே இன்னொரு வரிசைப் படங்கள் வெளிப்படும். ஓர் ஊதாரி இளைஞன் சொத்தை அழித்து மனநோயர் விடுதியில் முடிவதை எட்டுப் படங்களில் சொல்லும், ஆங்கில ஓவியர் ஹோகார்த்தின் ஓவியத் தொடர் அங்கேதான் உள்ளது. அதை 1802இல் ஏலத்தில் 570 கினிக்கு (பழைய ஆங்கிலப் பொன் நாணயம்) வாங்கியவர் சோனின் மனைவி எலைசா. கதவுகளை எப்போது திறப்பார்கள் என்று உள்ளே நுழைந்ததுமே ஊழியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது தெரியாமல் மூடிய சுவரை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் பலர்.

நுழைவுக் கட்டணம் இல்லை. புதன் முதல் ஞாயிறு வரை, காலை 10 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும் என்பது வழக்கம், ஆயினும் புறப்படும் முன் அவர்களுடைய இணையதளத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஹோபர்ன் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான். பெரிய பைகளைக் கொண்டுபோக வேண்டாம். இடைவழிகள் சில இடங்களில் ஒருவர் மட்டுமே கடக்கும் அகலம்தான், தோள்பை ஒன்று திரும்பினாலே ஒரு பழங்காலக் கலசத்தில் இடித்துவிடும். படிகள் குறித்துக் கவலை வேண்டாம், மின்தூக்கி உண்டு. உங்கள் தாயாரின் தேவையை முன்கூட்டியே எழுதித் தெரிவித்தால் எந்தப் பகுதிக்கு எப்படிப் போகலாம் என்று சொல்வார்கள்.

மெழுகுவர்த்தி மாலை வாய்த்தால் அதையே தேர்ந்தெடுங்கள் என்பேன். அதற்குத் தனிச் சீட்டும் முன்பதிவும் வேண்டும். நிழல்கள் அசைய, அந்தச் சிலைகளுக்கு நடுவே நடப்பது மறக்க முடியாத அனுபவம்.

பதில் 2

மேலே எழுதியவரின் வழிகாட்டலில் பெரும்பகுதியை ஏற்கிறேன், மெழுகுவர்த்தி மாலை பற்றிய அறிவுரையைத் தவிர. முதல் முறையாகப் போகிறவர், அதுவும் வயதான தாயாருடன் போகிறவர், பகலில்தான் போக வேண்டும். அந்த வீட்டின் உயிரே கூரையிலிருந்து இறங்கும் பகல் வெளிச்சம். மஞ்சள் கண்ணாடியைப் பற்றி அவ்வளவு அழகாக எழுதிவிட்டு, அந்தக் கண்ணாடி கறுத்துக் கிடக்கும் நேரத்தில் போகச் சொல்வது எனக்குப் பொருந்தவில்லை. மேகம் கடக்கும் ஒரு காலையில் குவிமாடப் பகுதியில் நின்றால், மூன்று தள உயரத்திற்கு அடுக்கிய சிலைகளும் கலசங்களும் நிறம் மாறி மாறி உயிர்ப்பதைப் பார்க்கலாம். அங்கே சோனின் மார்பளவுச் சிலை, எதிரே நிற்கும் கிரேக்கத் தெய்வம் அப்பல்லோவின் வார்ப்பை நேருக்கு நேர் நோக்கியபடி இருக்கும். இருட்டில் தடுமாறி நடப்பதை இரண்டாம் பயணத்திற்கு வைத்துக்கொள்ளலாம்.

வாழ்ந்தவர்களின் உணர்வு கிடைக்கவில்லை என்ற உங்கள் வருத்தத்திற்கு, நான் இரண்டு இடங்களைச் சொல்வேன். ஒன்று, கீழ்ப்பகுதியில் உள்ள துறவியின் கூடமும் அதையொட்டிய முற்றமும். பாத்ரே ஜியோவன்னி என்று ஒரு கற்பனைத் துறவியைப் படைத்து, அவர் வாழ்ந்த இடம் என்று சோன் அதைக் கட்டினார். வெஸ்ட்மின்ஸ்டர் பழைய அரண்மனையின் கற்களைக் கொண்டு முற்றத்தில் இடிபாடுகளும் அமைத்தார். ஜியோவன்னி என்பது ஜான் என்ற பெயரின் இத்தாலிய வடிவம் என்பதை நினைத்துப் பாருங்கள். 1815இல் மனைவியை இழந்து தனித்துப்போன மனிதர், தம்மையே ஒரு துறவியாக்கி நிலவறையில் குடிவைக்கிறார். அதே முற்றத்தில் எலைசா வளர்த்த ஃபேனி என்ற நாய்க்குட்டியின் கல்லறை உள்ளது. 'ஐயோ, பாவம் ஃபேனி' என்ற பொருளில் அதில் பொறித்திருக்கிறார். விளையாட்டும் துக்கமும் இவ்வளவு நெருங்கி நிற்கும் இன்னோர் இடத்தை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது இடம், மேல்தளத்தில் உள்ள தனி அறைகள். வழிகாட்டியுடன் செல்லும் குழுக்களுக்கு மட்டுமே அவற்றைக் காட்டுகிறார்கள். சீரமைப்புக்குப் பின் 2015இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். எலைசாவின் படுக்கையறையை, அவர் மறைந்த பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சோன் மாற்றவே இல்லை. 1834இல்தான் அதைத் தம் கட்டட மாதிரிகளை வைக்கும் அறையாக்கினார். இடம் கிடைத்தால் இந்தச் சுற்றைத் தவறவிடாதீர்கள்.

பதில் 3

நிலவறையில் இருக்கும் ஈமப்பேழையை இதுவரை யாரும் குறிப்பிடவில்லையே. அந்த வீட்டின் மிகப் பெரிய பொருள் அது. எனக்கு மிகவும் மனச்சங்கடம் தந்ததும் அதுதான்.

எகிப்திய அரசர் முதலாம் சேத்தியின் ஈமப்பேழை ஒரே அலபாஸ்டர் கல்லில் குடைந்தது. சுமார் ஒன்பது அடி நீளம். 1817இல் எகிப்தின் அரசர்களின் பள்ளத்தாக்கில் இத்தாலியரான ஜியோவன்னி பெல்சோனி அதைக் கண்டெடுத்தார். 2,000 பவுண்டு விலைக்குப் பிரித்தானிய அருங்காட்சியகம் வாங்க மறுத்ததால், 1824இல் சோன் வாங்கினார். வீட்டின் பின்சுவரை உடைத்துத்தான் உள்ளே இறக்க முடிந்தது. மறு ஆண்டு மார்ச்சில் மூன்று இரவுகள் விருந்து வைத்து, விளக்குகளை ஏற்றி, நூற்றுக்கணக்கான விருந்தினர்களுக்கு அதைக் காட்டினார். கல் ஒளியை ஊடுருவ விடுவது என்பதால் உள்ளே விளக்கு வைத்தால் முழுப் பேழையும் ஒளிரும். அதன் பக்கங்கள் எங்கும் மறுமைப் பயணத்தைச் சொல்லும் சித்திர எழுத்துகள் உள்ளன. உள்ளே, அரசரின் உடல் கிடக்க வேண்டிய இடத்தில், வான்தேவதை நூத் செதுக்கப்பட்டிருக்கிறாள். எழுத்துகளில் நிரப்பியிருந்த நீல வண்ணம் லண்டன் காற்றில் பெரும்பாலும் அழிந்துபோயிற்று, வெண்ணிறக் கல்லும் மஞ்சளித்துவிட்டது.

சேத்தியின் உடல் 1881இல் வேறோர் இடத்தில் கண்டறியப்பட்டது. இன்று அது கெய்ரோவில் இருக்கிறது. உடல் ஒரு நாட்டிலும் அதற்கான பேழை இன்னொரு நாட்டிலும் கிடப்பதை, அந்தக் கண்ணாடிக் கூண்டுக்கு முன் நின்றபோது என்னால் மறக்க முடியவில்லை. சோனின் ரசனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. மற்றவர்கள் வேண்டாம் என்றதை அவர் காத்தார் என்பதும் உண்மை. ஆனால் தம் வீட்டை அவர் இறந்த நாளின் நிலையிலேயே இயன்றவரை வைத்திருக்க வேண்டும் என்று 1833இல் நாடாளுமன்றச் சட்டமே பெற்றவர், இன்னொருவரின் இறுதி இருப்பிடம் கலைக்கப்பட்டதன் பயனைத் தம் வீட்டின் நடுவில் வைத்திருந்தார். உங்கள் தாயாருடன் அங்கே நிற்கும்போது இதையும் பேசுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சென்று வந்துவிட்டோம். இரண்டாவது பதிலின்படி பகலில்தான் சென்றோம். வெயில் வந்து வந்து மறைந்த ஒரு வியாழக்கிழமை. வாசலில் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது, ஆனால் ஒரே நேரத்தில் குறைந்த அளவினரையே உள்ளே விடுகிறார்கள் என்பதால் அந்தக் காத்திருப்பு எங்களுக்குப் பயன்பட்டது.

அம்மா காலை உணவுக்கூடத்தை விட்டு நகரவே இல்லை. குவியாடிகளில் தம் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தவர், இங்கே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாலும் ஒரு கூட்டமே உடன் இருப்பது போலத் தோன்றும் என்றார். பலகைகள் இல்லாத குறை தெரியவில்லை. அறையில் நின்ற ஊழியரிடம் நாங்கள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவர் நிதானமாக விடை சொன்னார், ஓவிய அறைக் கதவுகளைத் திறந்தபோது அம்மாவை முன்வரிசையில் நிற்கவும் வைத்தார். ஈமப்பேழைக்கு முன் நாங்கள் அதிகம் பேசவில்லை. அம்மா செருப்பைக் கழற்றலாமா என்று மட்டும் மெல்லக் கேட்டார்.

திரும்பும் வழியில் அவர் கேட்ட ஒன்றுக்கு என்னிடம் விடையில்லை. இவ்வளவு பெரிய வீட்டை நாட்டுக்கு எழுதிவைத்தவருக்குப் பிள்ளைகள் இல்லையா?

பதில் 2 எழுதியவர்

நல்லபடியாகச் சென்று வந்ததில் மகிழ்ச்சி. இரண்டு மகன்கள் இருந்தார்கள். இருவரையும் கட்டடக்கலைஞர்களாக்க வேண்டும் என்பது சோனின் கனவு, அது பலிக்கவில்லை. மூத்தவர் ஜான் 1823இல் நோயால் இறந்தார். இளையவர் ஜார்ஜ் 1815 செப்டம்பரில் தந்தையின் கட்டடங்களை இழித்துப் பெயரில்லாமல் பத்திரிகையில் இரு கட்டுரைகள் எழுதினார். எழுதியவர் தம் மகன்தான் என்று அறிந்த எலைசா அது தமக்கு விழுந்த மரண அடி என்று சொன்னார். அந்த நவம்பரிலேயே இறந்தும் போனார். சோன் அந்தக் கட்டுரைகளைச் சட்டமிட்டு, ஜார்ஜ் கொடுத்த மரண அடிகள் என்று தேதியோடு எழுதி மாட்டிவைத்தார். மகனை அவர் மன்னிக்கவே இல்லை. 1833இன் சட்டத்தை ஜார்ஜ் எதிர்த்தும் பயனில்லை. அம்மாவின் கேள்விக்கு விடை இவ்வளவுதான்: வீடு மகனுக்குப் போகக் கூடாது என்பதும் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி.

இன்னொரு நாள் வாய்த்தால் செயின்ட் பாங்க்ரஸ் பழைய தேவாலயத் தோட்டத்திற்கும் சென்று வாருங்கள். எலைசாவுக்காகச் சோன் தாமே வடிவமைத்த கல்லறை அங்கே இருக்கிறது. அதன் மேற்கூரையைப் பார்த்ததும் லண்டனின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டு உங்கள் நினைவுக்கு வரும். அந்தக் கூண்டை வடிவமைத்த கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் சோன் அருங்காட்சியகத்தின் அறங்காவலர்களில் ஒருவராக இருந்தவர். கல்லறைக்குள் எலைசாவும், மூத்த மகன் ஜானும், சோனும் இருக்கிறார்கள். ஜார்ஜ் அங்கே இல்லை.