மெஷின் ஓடும்போது மட்டும் நெட்வொர்க் லிங்க் விழுகிறது

வணக்கம். திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியில் மூன்று வாரமாக இந்தச் சிக்கல். ஆபீஸிலிருந்து தையல் பிரிவுக்குப் போகும் கேட்6 நெட்வொர்க் கேபிளில் 1 ஜிபிபிஎஸ் வேகம் இருக்க வேண்டிய லிங்க், காலையில் மெஷின்கள் ஓடத் தொடங்கியதும் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடுகிறது. சில நேரம் முழுதாகவே அறுந்து, பார்கோடு ஸ்கேனர்கள் நின்றுபோகின்றன. பேக்கிங் ஆட்கள் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. இரவில் ஒரு குறையும் இல்லை.

கேபிள் சுமார் 80 மீட்டர், ஷீல்டு (மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) இல்லாத யுடிபி வகை. கடைசி 30 மீட்டர் த்ரீ ஃபேஸ் கரண்ட் வயரோடு ஒரே ட்ரேயில் போகிறது. இரு பக்கமும் 24 போர்ட் கிகாபிட் நெட்வொர்க் சுவிட்ச்.

இரு முனையிலும் ஆர்ஜே45 பிளக்கைப் புதிதாக கிரிம்ப் செய்தேன் (அழுத்திப் பொருத்தினேன்). போர்ட் மாற்றினேன், சுவிட்சையே மாற்றிப் பார்த்தேன். சாதாரண டெஸ்டரில் 8 கம்பிக்கும் விளக்கு சரியாக எரிகிறது. அப்புறம் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கிறது. செம்பு பூசிய அலுமினியம் என்று நினைக்கிறேன். பில்லில் சுத்த செம்பு என்றுதான் இருக்கிறது.

நல்ல செம்புக் கேபிளைத் தனிப் பாதையில் இழுத்தால் போதுமா, இல்லை இந்த இடத்துக்கு ஃபைபர் (கண்ணாடி இழை) கேபிள்தான் போட வேண்டுமா?