கொரோனா காலத்துக் காற்று: எல்லாம் ஊரடங்கால்தானா?

மார்சிலிங் அம்மா:
எங்கள் வீடு சிங்கப்பூரின் வடக்கே மார்சிலிங்கில், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்குப் போகும் சாலையைப் பார்த்தபடி இருக்கிறது. 2020 மார்ச் 18 அன்று மலேசியா எல்லையை மூடியதும் இரு நாடுகளையும் இணைக்கும் கடற்பாலத்தில் மோட்டார்சைக்கிள் வரிசை மறைந்து, சரக்கு லாரிகள் மட்டும் ஓடின. ஏப்ரல் 7இல் இங்கும் சர்க்கியூட் பிரேக்கர் என்ற ஊரடங்கு தொடங்கியது. துணி காயப்போடும் கழியைத் துடைத்தால் வழக்கமாக வரும் கறுப்பு அப்போது வரவில்லை. என் மகனுக்கு ஆஸ்துமா. அந்த மாதங்களில் மூச்சிழுப்பே இல்லை. இப்போது உயர்நிலைப் பள்ளியில் புவியியல் ஒப்படைப்புக்கு இதையே எடுத்திருக்கிறான். எல்லாம் ஊரடங்கால்தான் என்று எழுதலாமா?

பழைய கப்பல்காரன்:
அம்மா, அந்த "எல்லாம்" என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்லுங்கள். நைட்ரஜன் டைஆக்சைடைப் பொறுத்தவரை நீங்கள் நினைப்பது சரி. அது பெரும்பாலும் வாகனப் புகையில் வருவது; காற்றில் சில மணி நேரமே தங்கும். வண்டிகள் நின்றால் உடனே குறையும். சிங்கப்பூரில் அப்போது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

கந்தக டைஆக்சைடும் அதே அளவுக்குக் குறைந்தது. இங்கேதான் அவசரப்படக் கூடாது. நான் கப்பலின் இயந்திர அறையில் வேலை பார்த்தவன். நாங்கள் எரித்த எண்ணெய் தார் போலக் கெட்டி. சூடாக்கினால்தான் குழாயில் ஓடும். அதிலுள்ள கந்தகம் எரிந்துதான் கந்தக டைஆக்சைடாகிறது. அதில் 3.5 விழுக்காடு வரை கந்தகம் இருக்கலாம் என்ற வரம்பை அனைத்துலகக் கடல்துறை அமைப்பு 2020 ஜனவரி 1 முதல் 0.5 விழுக்காடாகக் குறைத்தது. உலகிலேயே அதிகமாகக் கப்பல் எரிபொருள் விற்கும் துறைமுகம் நம்முடையது. கொரோனாவிலும் அது மூடப்படவில்லை. 2019 ஏப்ரலையும் 2020 ஏப்ரலையும் நேராக ஒப்பிட்டால் இரண்டு மாற்றங்களும் கலந்துவிடும். பல ஆண்டுகள் பேசிக் கொண்டுவந்த விதியின் பலனை ஒரு கிருமியின் கணக்கில் எழுத என் மனம் ஒப்பவில்லை.

தரைமட்ட ஓசோனையும் தம்பி விட்டுவிடக் கூடாது. அது அப்போது கூடியது! வாகனப் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு, ஓசோனைத் தின்றுவிடும். புகை குறைந்ததும் ஓசோன் தப்பித்துக்கொண்டது.

தாதி:
அக்கா, மூச்சிழுப்பு நின்றதற்குக் காற்றை மட்டும் காரணம் காட்ட வேண்டாம். பிள்ளைகளுக்கு அதைத் தூண்டுவதில் சளிக் கிருமிகளின் பங்கு பெரிது. பள்ளிகள் மூடியிருந்தன, எல்லாரும் முகக்கவசம் அணிந்தோம். அந்தக் கிருமிகளும் பரவவில்லை. மருத்துவர் சொல்லாமல் இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்.

மார்சிலிங் அம்மா:
நன்றி, நிறுத்தவில்லை. ஐயா, அப்படியானால் எந்த மாதத்தோடு எதை ஒப்பிடுவது?

பழைய கப்பல்காரன்:
2020 ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு பக்கம், ஏப்ரல், மே மறுபக்கம். இரண்டுமே எரிபொருள் விதிக்குப் பிந்தியவை. ஆனால் பருவக்காற்று மாறும் காலம் அது. பிற்பகல் இடிமழை தூசைக் கழுவிவிடும். அதனால் முந்தைய சில ஆண்டுகளில் இதே மாதங்களில் எவ்வளவு ஏற்ற இறக்கம் இருந்தது என்பதையும் பக்கத்தில் வைக்க வேண்டும். செப்டம்பரைச் சேர்க்கவே வேண்டாம். 2019 செப்டம்பரில் இந்தோனேசியாவின் சுமத்ரா, கலிமந்தான் காட்டுத் தீயால் புகைமூட்டம் நம்மை மூடியது. 2020இல் லா நினா என்ற பசிபிக் கடல் மாற்றம் தந்த மழை அந்தக் காடுகளை நனைத்தது. அதற்கும் நம் சாலைகள் வெறிச்சோடியதற்கும் தொடர்பில்லை. உங்களுக்கு வடக்கு வட்டார அளவீடு பொருந்தும். முதலில் நைட்ரஜன் டைஆக்சைடை வரைபடமாகப் போடட்டும். உங்கள் சன்னலுக்கு வெளியே நடந்தது அதில்தான் தெளிவாகத் தெரியும்.