ஹிட்மேன் (2016) ஊர் ஊராக வந்தபோது ஆடியவர்கள் வாருங்கள்: அனுபவப் பகிர்வு

வெள்ளைக்கையுறை:

2016இல் ஹிட்மேன் (கூலிக் கொலையாளியாக வேடம் மாற்றிப் போய் இலக்கை முடிக்கிற வீடியோ கேம்) மொத்தமாக வராமல், ஊருக்கு ஒரு தவணையாக வந்தபோதே வாங்கி ஆடியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? இப்போது மூன்று பாகமும் சேர்ந்தே கிடைப்பதால், புதிதாக ஆடுகிறவர்களுக்கு தவணை சரியா என்று அன்றைக்கு நடந்த சண்டையே தெரியாது. விமர்சகர்கள் சொன்னதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை, ஆடிய கைக்கு எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

நானே தொடங்குகிறேன். மார்ச் 11 அன்று பாரிஸ் வந்தது. அதோடு பயிற்சிக்கென்று ஒரு படகு, ஒரு விமானத் தளம். 15 டாலர். 2015 டிசம்பரில் வரவேண்டியதைத் தள்ளிப்போட்டு, ஜனவரியில்தான் 'முழுக்க முழுக்கத் தவணைதான்' என்று ஆட்டத்தை உருவாக்கிய ஐஓ இன்டராக்டிவ் அறிவித்திருந்தது. அதனால் ஆட்டம் வெளிவரும் முன்பே ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தார்கள். அன்று நான் படித்த விமர்சனங்களில் பாரிஸைப் பாராட்டிவிட்டு, கடைசிப் பத்தியில் 'மீதி வரட்டும், பார்க்கலாம்' என்று முடித்தவையே அதிகம். சிலர் மதிப்பெண்ணை நிறுத்தி வைத்தார்கள். சிலர் ஊருக்கு ஊர் தனி மதிப்பெண் போட்டார்கள். பாவம், அவர்களும் என்ன செய்வார்கள்? ஒரு மண்டபத்தைக் காட்டிவிட்டு வீடு எப்படி என்று கேட்டால்!

ஆனால் எனக்கு அந்த மண்டபமே போதுமாக இருந்தது. பாரிஸில் நம் இலக்கான நோவிகோவ் விரும்பிக் கேட்கும் காக்டெயில் ஒன்று உண்டு. அதில் எலி மருந்தைக் கலந்து கொடுத்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடுவான். அதற்கு பார் ஊழியன் உடை வேண்டும், செய்முறை தெரிய வேண்டும், கூடவே வரும் மெய்க்காவலனையும் சமாளிக்க வேண்டும். இன்னொரு தடவை, ஃபேஷன் ஷோவுக்கு வந்த ஹெல்முட் க்ரூகர் என்ற மாடல் போன் பேச ஒதுங்கும்போது அவனைச் சாய்த்துவிட்டு, அவன் உடையில் ரேம்ப்பிலேயே நடக்கலாம். மொட்டைத் தலை, கல் மாதிரி முகம், கைதட்டல் வேறு. அடுத்த ஊர் சப்பியென்சா வந்தது ஏப்ரல் 26. நடுவில் ஆறு வாரத்துக்கு மேல் பாரிஸைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. எந்தக் காவலன் எந்தப் படியில் சிகரெட் பிடிப்பான் என்பது வரை மனப்பாடம். வாரப் பத்திரிகைத் தொடர்கதை படித்தவர்களுக்கு இது புரியும்: அடுத்த இதழ் வரும்வரை இருக்கிற அத்தியாயத்தையே திரும்பத் திரும்பப் படிப்போம். ஆறு ஊரும் முதல் நாளே கையில் இருந்திருந்தால், ஒரு கொலை முடித்ததும் அடுத்த ஊருக்குப் பறந்திருப்பேன். 'உள்ளடக்கம் குறைவு' என்று எழுதியவர்கள் நிலப்பரப்பை அளந்தார்கள், ஆழத்தை அளக்க அவர்களுக்கு நேரம் இல்லை என்பதே என் கட்சி.

மழைநாள்_ப்ளேயர்:

அண்ணா, ஆழமெல்லாம் சரி. நெட் இருந்தவர்களுக்கு.

எங்கள் பக்கம் இரண்டு தூறல் போட்டால் இணைப்பு போய்விடும். சப்பியென்சாவில் நம் இலக்கான சில்வியோ கருசோவுக்கு மனநல ஆலோசகர் ஒருவர் வருவார் இல்லையா? அவர் வேடத்தில் உள்ளே போய், அவன் சோபாவில் படுத்து அம்மாவைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருக்கும்போது, தலையணை எடுக்கிற நேரத்தில் திரை உறைந்து 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று வந்தது. ஆன்லைனில் ஆடிப் பாதியில் பதிந்து வைத்ததை (சேவ்) ஆஃப்லைனில் திறக்க முடியாது. ஆஃப்லைனில் புதிதாகத் தொடங்கினாலோ சேலஞ்ச் இல்லை, ஸ்கோர் இல்லை, புதுத் தொடக்க இடமோ ஆயுதமோ எதுவும் திறக்காது. ஒரே ஊரைத் திரும்பத் திரும்ப ஆடு என்று சொல்லும் விளையாட்டில், திரும்ப ஆடுவதற்கான கூலியையே நெட்டோடு கட்டிப்போட்டால் எப்படி? தனியாக ஒருவன் உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம் இது.

பெரிய தளங்களின் விமர்சனங்களில் இது ஒரு பத்தியோடு போய்விடும். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளைப் பாருங்கள், முதல் வாரத்தில் அங்கே பேச்சே இதுதான். அவர்கள் சொன்னது நியாயம் என்பதற்கு 2021 சாட்சி. இணையப் பூட்டு இல்லாமல் விற்பதாகப் பெயர் வாங்கிய ஜிஓஜி கடையில் இதே ஆட்டத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். வாங்கியவர்கள் குறைந்தபட்ச நட்சத்திரமாகக் கொட்டித் தீர்த்ததும், அடுத்த மாதமே கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஐந்து வருடம் கழித்தும் ஆறாத கோபம் அது.

நிழல்நடை:

மழைநாள் ப்ரோ சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அந்த ஆன்லைன் சனியன் இல்லாவிட்டால் எலூசிவ் டார்கெட்டும் (கொஞ்ச நேரம் மட்டும் வந்து போகும் இலக்கு) இல்லை. அதை ஆடியவர்கள் கை தூக்குங்கள்!

மே மாதம் பாரிஸில் முதல் ஆள் வந்தான். செர்கெய் லாரின், ஓவியம் போலி செய்கிறவன். 48 மணி நேரம்தான் இருப்பான். அவன் செத்தாலும் சரி, நீ செத்தாலும் சரி, ஆட்டம் முடிந்தது, மறு வாய்ப்பு கிடையாது. நடுவில் சேவும் கிடையாது. வரைபடத்தில் குறி இருக்காது, சுவர் ஊடுருவிப் பார்க்கும் இன்ஸ்டிங்க்டிலும் அவன் தனியாக மின்ன மாட்டான். தொடக்கத்தில் காட்டுகிற முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் தேட வேண்டும். வெள்ளையறை சொன்ன அந்த மனப்பாடம் எதற்கு உதவியது என்றால் இதற்குத்தான். (வெள்ளைக்கையுறை! போன் திருத்திவிட்டது, மன்னிக்கவும்.)

அவனைக் கண்டுபிடித்தபின் நான் செய்தது பின்னால் நடந்தது மட்டும்தான். நடந்து, நின்று, மறுபடி நடந்து. மற்ற நேரம் என்றால் இதற்குள் ஏதாவது கோமாளித்தனம் செய்து பார்த்து, சொதப்பினால் லோடு செய்திருப்பேன். அன்று உள்ளங்கை வேர்த்து கன்ட்ரோலர் வழுக்கியது. கடைசியில் தனி அறையில் மாட்டினான். வெளியேறும் வாசலுக்கு ஓடாமல் நடந்து போவதற்குள் உயிர் போய்விட்டது. மார்ச்சில் விமர்சனம் எழுதி மூட்டை கட்டியவர்கள் யாரும் இதைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை, அப்போது இது வரவேயில்லையே. 2016 முடியும்போது ஜயன்ட் பாம் என்ற கேம் விமர்சனத் தளத்தினர் வருடத்தின் சிறந்த ஆட்டம் என்று இதைத் தேர்ந்தெடுத்தார்கள். மார்ச்சில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

இப்போது அந்த இலக்குகளை மறுபடி ஆட ஆர்கேட் என்று ஒன்று இருக்கிறது, தோற்றால் சில மணி நேரம் பூட்டிவைத்துவிட்டு மறுபடி விடுவார்கள். நல்லதுதான். ஆனால் உள்ளங்கை வேர்க்கவில்லை.

டிஸ்க்_வாங்கியவன்:

நான் 2017 ஜனவரி கடைசியில் டிஸ்க்காக வந்த முழுத் தொகுப்பை வாங்கியவன். தவணை சுகம் எனக்குத் தெரியாது. அடுத்தடுத்து ஆறு ஊர் ஆடியதால் எனக்குத் தெரிந்த குறைகள் வேறு.

ஒன்று, கதை. ஒவ்வொரு ஊர் முடிவிலும் இரண்டு நிமிடக் காட்சி, இருட்டில் இரண்டு பேர் புதிராகப் பேசுவார்கள். சேர்த்துப் பார்த்த எனக்கே யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று தலை சுற்றியது. மாதக்கணக்கில் இடைவெளி விட்டுப் பார்த்த நீங்கள் எப்படித் தாங்கினீர்களோ! இதை விமர்சகர்கள் சரியாகவே பிடித்தார்கள்.

அப்புறம் பேச்சு. மராக்கேஷ் சந்தையில் நிற்கிற உள்ளூர்க்காரர்கள் அமெரிக்கர் மாதிரி ஆங்கிலம் பேசுவார்கள். பாரிஸிலும் அதே கதை. மசாலாக் குவியலும் விளக்குக் கடையும் அவ்வளவு அழகாகச் செய்துவிட்டு, காதை மூடிக்கொள்ள வைத்தார்கள்.

கொலராடோவைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். ஆயுதக் கும்பலின் பண்ணை, நான்கு இலக்குகள், காலை வைக்கிற இடமெல்லாம் அத்துமீறல். சப்பியென்சாவில் ஐஸ்கிரீம் கடைப் பக்கம் சும்மா நடக்கலாம், ஒட்டுக்கேட்கலாம். இங்கே சும்மா நிற்கவே முடியாது. எல்லாரும் ஒரே மாதிரி துப்பாக்கி, ஒரே மாதிரி முறைப்பு.

ஆனால் ஹொக்கைடோ! மலை மேல் பணக்கார மருத்துவமனை, முதல் தடவை போகும்போது கையில் ஒரு சாமான் கிடையாது. உடுத்தியிருக்கும் உடையைப் பார்த்துத்தான் கதவே திறக்கும். நோயாளி அங்கியோடு நின்றால் அறுவை அறைக் கதவு அசையாது. வேடம் போடுவதுதான் இந்தத் தொடரின் உயிர் என்றால், அதைக் கட்டடத்துக்கே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். சமையல்காரர் உடையில், இலக்கான யூக்கி யமசாக்கியின் சுஷியில் ஃபுகு மீனின் நஞ்சைச் சேர்த்துவிட்டு, பக்கத்திலேயே கைகட்டி நின்றேன்.

மழைநாள்_ப்ளேயர்:

ஃபுகு நானும் செய்தேன். அன்றைக்கு நெட் இருந்தது.

வெள்ளைக்கையுறை:

டிஸ்க் ப்ரோ, கதையிலும் பேச்சிலும் உங்கள் பக்கம்தான். கொலராடோவில் மட்டும் கொஞ்சம் மல்லுக்கட்டுகிறேன். அது செப்டம்பர் 27இல் வந்தது. அதற்கு முன் பாரிஸ், சப்பியென்சா, மராக்கேஷ், பாங்காக் என்று நான்கு ஊரிலும் கோட் சூட்டோடு ராஜநடை போட்டுப் பழகியிருந்தோம். அந்தச் சமயத்தில் வேலிக்கு அடியில் பதுங்க வைத்தது எனக்குப் பிடித்தது. முதல் ஊராக வந்திருந்தால் நானும் வைதிருப்பேன்.

தவணை முறை வியாபாரத்துக்கு நல்லதா என்பது தனிக் கேள்வி. 2017 மே மாதம், ஆட்டத்தை வெளியிட்ட ஸ்கொயர் எனிக்ஸ் தன்னிடமிருந்த ஐஓவைக் கைகழுவுவதாக அறிவித்தது, ஆட்களும் வேலை இழந்தார்கள். ஜூனில் நிர்வாகத்தினரே நிறுவனத்தை வாங்கி, ஹிட்மேன் உரிமையையும் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் நவம்பரில் ஹிட்மேன் 2 வந்தபோது தவணையை விட்டுவிட்டு எல்லா ஊரையும் ஒரேயடியாகக் கொடுத்தார்கள். விமர்சகர்கள் கேட்டது கிடைத்தது. அதில் வரும் மும்பையை நான் அவசர அவசரமாகக் கடந்து போனதும் அதனால்தான்.

நிழல்நடை:

மும்பையை அவசரமாகவா? அந்தச் சலவைத் துறையை விட்டுவிட்டா? முதலில் ஆப்பர்ச்சூனிட்டி வழிகாட்டியை (கொலைக்கான வாய்ப்புகளை அடுத்தடுத்துக் காட்டிக் கொடுப்பது) அணைத்துவிட்டு மறுபடி உள்ளே போங்கள் தலைவா. 2016லேயே 'கையைப் பிடித்து அழைத்துப் போகிறது' என்று அதைக் குறை சொன்னார்கள், அதற்கு மருந்து செட்டிங்ஸிலேயே இருந்தது. மும்பைக்குத் தனித் திரி திறக்கிறேன், அங்கே வாருங்கள்.