பனானா ஃபிஷ் கடைசி எபிசோட்: ஆஷ் சாகணும்னே உக்காந்தானா? (முழு ஸ்பாய்லர், பார்க்காதவங்க உள்ள வராதீங்க)

பழையநோட்டு:
நேத்து ராத்திரி "இந்த வருஷம் பார்த்த அனிமே" திரியில சேலத்துமாம்பழம் போட்டதைப் படிச்சதுல இருந்து எனக்கு தூக்கமே இல்ல. நான் திரிச்சுட்டேன்னு அப்புறம் யாரும் சொல்லக்கூடாது, அப்படியே எடுத்துப் போடறேன்: "பனானா ஃபிஷ் நட்புக் கதையே கிடையாது. கடைசியில ஜெயிச்சது ரத்த பாசம். லாவ் தம்பிக்காக கத்தி எடுத்தான். ஆஷ் நண்பனுக்காக எழுந்து ஆஸ்பத்திரிக்குக் கூட போகல, உக்காந்து செத்தான். இதுக்குப் பேரு விசுவாசமா?"

உக்காந்து செத்தானாம்! 24 எபிசோட் பார்த்துட்டு ஒரு மனுஷன் எழுதற வார்த்தையா இது? எட்டு வயசுலயே வாழ்க்கை நாசமாகி, பெத்த அப்பன் ஜிம் கூட காப்பாத்தாம, கோல்சினே மாதிரி ஒரு மாஃபியா கிழவன்கிட்ட மாட்டி வளர்ந்த பையன் ஆஷ். அண்ணன் கிரிஃபின் ஒருத்தன்தான் அவனுக்குக் குடும்பம்னு இருந்தான், அவனும் போர்ல இருந்து பனானா ஃபிஷ்ங்கிற அந்த போதை மருந்தால புத்தி கலங்கித்தான் திரும்பி வந்தான். அப்படிப்பட்டவன்கிட்ட எதுவுமே எதிர்பார்க்காம பழகின ஒரே ஆள் ஜப்பான்ல இருந்து வந்த எய்ஜி. கடைசியில அந்த எய்ஜி எழுதின லெட்டரைப் படிச்சுட்டு லைப்ரரியில இருந்து வெளிய ஓடி வர்றான். எங்க ஓடறான்? ஊருக்குத் திரும்பற எய்ஜியைப் பார்க்க ஏர்போர்ட்டுக்கு. வாழணும்னு ஓடினவன்யா அவன். நடுவுல சைனாடவுன் கேங் தலைவன் சிங்கோட அண்ணன் லாவ் வந்து வயித்துல குத்திட்டான். அவன் சாகணும்னு முடிவு பண்ணல, சாகடிக்கப்பட்டான். இதுல என்ன குழப்பம்?

சேலத்துமாம்பழம்:
என் பேரைப் போட்டு தனித் திரியே தொடங்கிட்டீங்க, நன்றி. ஒரே கேள்விதான். குத்து வாங்கினப்புறம் ஆஷ் எங்க போனான்? திரும்பவும் லைப்ரரிக்குள்ள. வெளிய ரோடு, டாக்சி, ஆளுங்க எல்லாம் இருக்கு. அது நியூயார்க், நடுக்காடு இல்ல. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உள்ள நடந்துபோய் மேசையில உக்காந்து லெட்டர் படிக்கத் தெம்பு இருந்தவனுக்கு "ஹெல்ப்"னு ஒரு வார்த்தை கத்தத் தெம்பு இல்லையா? இதுக்கு பதில் சொல்லுங்க. ஜிம், கிரிஃபின், சின்ன வயசுக் கஷ்டம் எல்லாம் எனக்கும் தெரியும், நானும் அழுதவன்தான்.

ரயில்பூச்சி:
நான் ரெண்டு வருஷம் அந்த ஊர்ல வேலை பார்த்தவன், அதனால சொல்றேன். லைப்ரரி அஞ்சாவது அவென்யூ 42வது தெருவுல இருக்கு. முன்வாசல்ல ரெண்டு கல் சிங்கம், நடுவுல படிக்கட்டு. அந்த நீள மேசை போட்டு விளக்கு வெச்ச பெரிய ஹால் இருக்கிறது மூணாவது மாடி. பெல்வியூ ஆஸ்பத்திரி முதல் அவென்யூ 27வது தெரு பக்கம். நடந்தா ரெண்டு கிலோமீட்டருக்கு மேல, கார்ல போனா பக்கம்தான்.

சேலத்துமாம்பழம்:
மூணாவது மாடி! கேட்டுக்கோங்க. குத்துப்பட்டவன் மூணு மாடி ஏறியிருக்கான். எதிர்ல டாக்சி நிக்குது. நான் வேற என்ன சொல்லணும்?

பழையநோட்டு:
லிஃப்ட் இருக்காதா அங்க? மூணு மாடி ஏறினான்னு எந்த சீன்ல காட்டினாங்க? ரயில்பூச்சி எடுத்துக்குடுத்ததைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதீங்க. குத்து வாங்கினது அடிவயித்துல. அப்படி வாங்கினவன் மூளை கணக்குப் போட்டா வேலை செய்யும்? கால் எங்க கூட்டிட்டுப் போச்சோ அங்க போனான். அவனுக்கு அந்த ஊர்ல பயமில்லாம உக்கார இருந்த ஒரே இடம் அந்த லைப்ரரி, அடிபட்ட நாய் கூட தன் மூலைக்குத்தான் போகும். இதுல "சாகணும்னே"ங்கிற வார்த்தை எங்க இருந்து வந்துச்சு?

வெள்ளாவி:
நான் நர்ஸ், பதினோரு வருஷ சர்வீஸ். வயித்துக் குத்துல பெரிய ரத்தக்குழாய் அறுபட்டிருந்தா சில நிமிஷம்தான். குடலோட நின்னுருந்தா மணிக்கணக்கா தாக்குப்பிடிக்கிற ஆளுங்களும் உண்டு, பேசிக்கிட்டே வருவாங்க. வெளிய வர்ற ரத்தத்தை வெச்சு உள்ள எவ்வளவு போச்சுன்னு சொல்லவே முடியாது. ரெண்டு பேரும் டாக்டர் மாதிரி பேசறதை நிறுத்துங்க.

பழையநோட்டு:
நன்றி வெள்ளாவி. "சில நிமிஷம்தான்." மாம்பழம், படிச்சீங்களா?

சேலத்துமாம்பழம்:
"மணிக்கணக்கா, பேசிக்கிட்டே வருவாங்க." அதையும் படிச்சேன்.

அரைத்தூக்கம்:
எல்லாரும் அனிமேவை வெச்சே அடிச்சுக்கிறீங்க. அகிமி யோஷிதா இதை மங்காவா (ஜப்பான் காமிக்ஸ்) எழுதினது 1985ல இருந்து 1994 வரைக்கும். அதுல கிரிஃபின் வியட்நாம் போர்ல இருந்தவன். 2018ல மாப்பா ஸ்டூடியோ அனிமே எடுத்தப்ப ஈராக்னு மாத்திட்டாங்க, எல்லார் கையிலயும் ஒரு செல்போன். செல்போன் இருக்கிற காலத்துக்கு கதையைக் கொண்டுவந்துட்டு முடிவை மட்டும் மாத்தாம விட்டதாலதான் இந்தக் கேள்வியே வருது. மங்கா படிச்சவனுக்கு இந்த சந்தேகமே வராது.

சேலத்துமாம்பழம்:
அட ஆமா, போனு! அத மறந்தே போயிட்டேன். பாக்கெட்ல போனு வெச்சுக்கிட்டு ஒரு கால் போடல.

பழையநோட்டு:
அரைத்தூக்கம், உங்களை யாரு கூப்பிட்டா? போன மாசம் வேற ஒரு திரியிலயும் இப்படித்தான் "மங்கா படிச்சவனுக்குத் தெரியும்"னு வந்து நின்னீங்க, எத்தனை வால்யூம் படிச்சீங்கன்னு கேட்டதுக்கு இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல. 19 வால்யூம்ல எத்தனை?

அரைத்தூக்கம்:
19ம் படிச்சிருக்கேன். அப்புறம் வர்ற தொடர்ச்சிக் கதை "கார்டன் ஆஃப் லைட்"டும் படிச்சிருக்கேன். நீங்க?

பழையநோட்டு:
படிச்சதாலதான் கோவம் வருது! வருஷங்கள் கழிச்சும் எய்ஜி அதே நியூயார்க்ல போட்டோ எடுத்துக்கிட்டு, ஆஷ் பேரைச் சொல்ல முடியாம கிடக்கிறான். சிங் இன்னொரு பக்கம், தன் அண்ணன்தான் ஆஷைக் குத்தினவன்னு அந்தக் குத்தத்தைச் சுமந்துக்கிட்டுத் திரியறான். ஆஷ் தெரிஞ்சே உக்காந்து செத்தான்னா, எய்ஜிக்கு இந்தத் தண்டனையை ஆஷே குடுத்தான்னு ஆகும். எய்ஜியைக் காப்பாத்த தன் மானம், கேங், உயிர் எல்லாத்தையும் அடகு வெச்சவன் கடைசி அஞ்சு நிமிஷத்துல அதைச் செய்வானா? சொல்லுங்க மாம்பழம், செய்வானா?

சேலத்துமாம்பழம்:
செஞ்சான். அதான் என் கோவமே. நான் ஆஷைக் கேவலப்படுத்தறேன்னு நெனச்சுக்கிட்டீங்க. எனக்கு அவன் மேல கோவம், அதுவும் எய்ஜிக்காக. ஹெமிங்வே கதையில வர்ற, பனிமலை உச்சியில செத்துக்கிடந்த சிறுத்தையைப் பத்தி ஆஷ் எய்ஜிகிட்ட சொல்வான்ல, தன் சாவைப் பத்தி நெனச்சா அது ஞாபகம் வருதுன்னு. அதுக்கு எய்ஜி, நீ சிறுத்தை இல்ல, மனுஷன், உன் விதியை நீ மாத்தலாம்னு சொல்வான். லெட்டர்லயும் அதேதான் எழுதியிருக்கான். அந்த லெட்டரைக் கையில வெச்சுக்கிட்டே அந்தச் சிறுத்தை மாதிரியே போய்ப் படுத்துட்டான். நண்பன் கெஞ்சிக் கேட்ட ஒரே ஒரு விஷயம் அது. லாவ் செஞ்சது தப்புதான், ஆனா அவன் தம்பிக்காக எழுந்து நடந்தான். ஆஷ் எய்ஜிக்காக எழுந்துக்கல.

பழையநோட்டு:
லாவை எடுத்துக்காட்டாவா சொல்றீங்க! சிங் ஆஷோட சண்டையே வேணாம்னு முடிவு பண்ணிட்டான். எய்ஜி லெட்டரை ஆஷ் கையில கொண்டுவந்து குடுத்ததே சிங்தான். அது தெரியாம, தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேக்காம, பின்னாடியே வந்து குத்தினவன் லாவ். தம்பி மேல பாசம் இருந்தா முதல்ல தம்பி பேச்சைக் கேக்கணும். அவன் பாசத்தால சிங்குக்குக் கிடைச்சது என்ன? அண்ணனும் போனான், ஆஷும் போனான். இதுவா ஜெயிச்சது?

குடும்பம்னு பேசறீங்களே, அந்தக் கதையில குடும்பத்துக்காக நின்னவன்னா அது ஆஷோட நண்பன் ஷார்ட்டர். அக்கா நாடியாவைக் கொன்னுடுவேன்னு எதிரி யூட்லுங் மிரட்டினதும் அவன் முன்னாடி ரெண்டே வழி, அக்கா இல்லேன்னா ஆஷ். ரெண்டும் உயிரு. உடைஞ்சுபோய்த்தான் எய்ஜியைக் காட்டிக்குடுத்தான். அப்புறம் அவனுக்கே அந்த போதை மருந்தை ஏத்தி எய்ஜியைக் கொல்ல விட்டப்ப, ஆஷ் கையால சாகணும்னு கெஞ்சினான். ஆஷ் சுட்டான். உயிர் நண்பனைத் தன் கையால சுட்டு எய்ஜியைக் காப்பாத்தினவனை, எய்ஜிக்காக எழுந்துக்கலன்னு சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருது? அந்த சீனுக்கு அப்புறம் ரெண்டு நாள் எனக்கு சோறு இறங்கல.

கடைசிபெஞ்ச்:
இது கர்ணன் கதை மாதிரிதான். செஞ்சோத்துக் கடன். ஷார்ட்டர்தான் கர்ணன்.

பழையநோட்டு:
எதை எதோட முடிச்சுப் போடறீங்க? கர்ணன் துரியோதனனை விட்டுப் போகல. ஷார்ட்டர் ஆஷுக்குத் துரோகம் பண்ணிட்டு அதுக்காகத் துடிச்சவன். தயவுசெஞ்சு குறுக்க வராதீங்க.

கடைசிபெஞ்ச்:
இது உங்க வீட்டுத் திண்ணையா? மூணு பேர் மட்டும் பேசணும்னா தனியா போய்ப் பேசுங்க. நாங்க வாயத் திறந்தா "குறுக்க வராதீங்க".

வெள்ளாவி:
அதான். எனக்கும் "நன்றி"னு ஒத்த வார்த்தை, சொன்னதுல பாதியைப் பிச்சு எடுத்துக்கிட்டாச்சு.

ரயில்பூச்சி:
ஒரு திருத்தம். 42வது தெரு பக்கம் இன்னொரு வாசல் இருக்கு, அதுல சாய்தளம் உண்டு, படி ஏற வேண்டாம். உள்ள லிஃப்டும் இருக்கு.

பழையநோட்டு:
ஆங்! சாய்தளம், லிஃப்ட். மூணு மாடி ஏறினான்னு குதிச்சவங்க இப்ப எங்க?

சேலத்துமாம்பழம்:
இங்கதான் இருக்கேன். லிஃப்ட்ல போனா மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனதா ஆயிடுமா? படியோ லிஃப்டோ, போனது லைப்ரரிக்கு. எதிரி ஆர்தர்கூட ரயில்ல சண்டை போட்டப்புறம் ஆஸ்பத்திரியில கிடந்தானே ஆஷ், அங்க இருந்து ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கடத்திட்டுப் போய் செத்துட்டான்னே நியூஸ் விட்டாங்களே, அதுல இருந்தே மீண்டு வந்தவன். அன்னிக்கு இருந்த வெறி இன்னிக்கு ஏன் இல்ல? சிரிச்சுக்கிட்டே கண்ணை மூடினான். லைப்ரரி அம்மா தூங்கறான்னு நெனச்சாங்க. சிரிச்சதுக்கு என்ன அர்த்தம் சொல்லுங்க.

பழையநோட்டு:
லெட்டர் படிச்சான், சிரிச்சான். வாழ்க்கையில முதல்முறையா ஒருத்தன் "என் ஆத்மா எப்பவும் உன்கூட"ங்கிற மாதிரி எழுதியிருக்கான். அதுக்கு சிரிக்காம என்ன செய்வான்? சாவுக்காக சிரிச்சான்னு எங்க போட்டிருக்கு? அதுவுமில்லாம நீங்க சொன்ன அந்த ஆஸ்பத்திரியே உங்களுக்கு பதில். போன தடவை ஆஸ்பத்திரியில கிடந்தவனை எதிரிங்க அங்க இருந்துதான் தூக்கிட்டுப் போனாங்க. ஆஸ்பத்திரின்னா அவனுக்கு என்னன்னு இப்பவாவது புரியுதா?

அரைத்தூக்கம்:
இது புதுசா இருக்கே. இவ்வளவு நேரம் "கால் எங்க கூட்டிட்டுப் போச்சோ"ன்னீங்க, இப்ப ஆஸ்பத்திரின்னா பயம்ங்கறீங்க. யோசிச்சானா, யோசிக்கலயா?

பழையநோட்டு:
உங்ககிட்ட நான் பேசல.

சேலத்துமாம்பழம்:
நான் கேக்கறேன், எனக்குச் சொல்லுங்க. யோசிச்சானா, யோசிக்கலயா?

பழையநோட்டு:
யோசிக்கல. யோசிச்சிருந்தாலும் தப்பு அவன் மேல இல்ல. எய்ஜி குண்டடிபட்டு ஆஸ்பத்திரியில கிடந்தப்ப ஒதுங்கி நின்னவன் ஆஷ். தான் பக்கத்துல இருந்தா எய்ஜி சாவான்னு நெனச்சு. நீங்க ரெண்டு பேரும் வேற வேற உலகம்னு ஆஷுக்குச் சண்டை கத்துக்குடுத்த பிளாங்கா சொல்லிச் சொல்லி மண்டையில ஏத்தியிருந்தான். அதையெல்லாம் உடைச்சு எறிஞ்சுட்டு லெட்டரோட ஓடின அந்தப் பத்து அடி இருக்கே, அதுதான் ஆஷ். அதுக்கப்புறம் நடந்தது லாவோட கத்தி. இதைத்தான் முதல்ல இருந்து சொல்றேன், நூறு தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

சேலத்துமாம்பழம்:
நூறு தடவை நானும் கேப்பேன். டாக்சி நின்னுச்சா, இல்லையா?

ரயில்பூச்சி:
அஞ்சாவது அவென்யூவுல எப்பவும் டாக்சி கிடைக்கும்.

பழையநோட்டு:
ரயில்பூச்சி, நீங்க யார் பக்கம்?