மறு: டிராக்டரில் மாட்டும் கருவிக்கு ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

பெருந்துறை ஆசிரியை எழுதியது:

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பழைய இரும்பை வைத்து டிராக்டருக்கு மஞ்சள் தோண்டும் கருவி ஒன்றைச் செய்வதுதான் கடைசிப் பாடம். உடைத்த லாரியின் சேனல் இரும்பில் சட்டம், ஸ்பிரிங் பட்டையில் மண்ணை அறுக்கும் அலகு, மேலே ஒன்றும் கீழே இரண்டுமாக மூன்று இடத்தில் பின் போட்டு டிராக்டரின் கைகளில் மாட்ட வேண்டும்.

பாடம் சுலபம். 'அட்டாச்மென்ட்' என்ற சொல்தான் வழிமறிக்கிறது. முதலில் 'இணைப்பு' என்று போட்டேன். படித்துப் பார்த்த சக ஆசிரியர் ஒரே ஒரு வரியை வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தார்: "இணைப்பை இணைக்கும் முன் இணைப்புச் சட்டத்தின் பற்றவைப்பு இணைப்புகளைச் சரிபார்க்கவும்." பக்கத்துக்குப் பக்கம் இதே கதி. 'மும்முனை இணைப்பு' என்று எழுதிய இடத்தில், பம்ப்செட்டுக்கு வரும் கரண்டைத்தானே சொல்கிறீர்கள் என்று கேட்கிறான் ஒரு மாணவன். அவன் கேட்டதிலும் தவறில்லை.

ஒரு நல்ல சொல் கொடுங்கள்.

---

நெல்லை வாத்தியார் எழுதியது:

அம்மா, 'இணைப்பு' தொழிற்பெயர். செயலைச் சொல்ல வந்த சொல்லைப் பொருளுக்கும் வைத்தால் இப்படித்தான் முட்டிக்கொள்ளும். மின்னஞ்சலோடு வரும் கோப்பும் இணைப்பு, கேஸ் கனெக்ஷனும் இணைப்பு. 'பின்னிணைப்பு' என்று யாராவது கிளம்பும் முன் சொல்லிவிடுகிறேன், அது புத்தகத்தின் கடைசியில் வருவது. வயலுக்குள் கொண்டுபோனால் மஞ்சள் வராது.

என் பரிந்துரை 'இணைகருவி'. வினைத்தொகை. இணைந்த, இணைகின்ற, இணையும் கருவி. நடுவில் க் போடக் கூடாது.

---

சென்னை மென்பொருள் எழுதியது:

'துணைக்கருவி' இருக்கும்போது எதற்கு இன்னொன்று? எல்லோருக்கும் புரியும்.

---

காங்கயம் பட்டறை எழுதியது:

துணைக்கருவி என்றால் எது எதற்குத் துணை? உழுவது கலப்பை. அதை இழுத்துக்கொண்டு போகிற டிராக்டர்தான் துணை. வண்டி மட்டும் போனால் வயலில் டயர்த் தடம்தான் விழும்.

இன்னொன்று. இதற்கெல்லாம் சேர்த்து ஒரு பெயர் வைக்க வேண்டிய தேவை எங்களுக்கு வந்ததே இல்லை. ஐந்து கொத்து, ஒன்பது கொத்து, சட்டிக் கலப்பை, ரோட்டவேட்டர் என்று அதனதன் பெயரைச் சொல்வோம். "ஒன்பது கொத்தை மாட்டிட்டு வாப்பா" என்றால் ஆள் மாட்டிக்கொண்டு வருவான். 'அட்டாச்மென்ட்' என்று ஷோரூமில் விலைப்பட்டியல் போடுகிறவர்தான் சொல்கிறார். சொல் வேண்டும் என்றால் 'மாட்டு' என்பதிலிருந்து எடுங்கள். அதுதான் எங்கள் வாயில் வருவது.

---

நெல்லை வாத்தியார் எழுதியது:

'மாட்டுகருவி'. இலக்கணப்படி முழுச் சரி. மாட்டும் கருவி, வினைத்தொகை. ஆனால் அச்சுக்கோர்ப்பவர் பழக்கதோஷத்தில் ஒரு க் சேர்த்தால் 'மாட்டுக்கருவி' ஆகிவிடும். லாடம் அடிக்கிற சுத்தியலும் மூக்கணாங்கயிறும் அதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஓர் ஒற்றெழுத்தில் டிராக்டர் போய் மாடு வந்துவிடுகிறது. இவ்வளவு ஆபத்தான சொல்லைப் பாடப்புத்தகத்தில் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

---

வேர்ச்சொல் எழுதியது:

மாட்டையே பிடித்துக்கொண்டு யோசித்தால் விடை வந்துவிடும். சித்திரையில் நல்லேர் பூட்டுகிறோம். வண்டி பூட்டுகிறோம். இழுக்கும் விசையையும் வேலை செய்யும் கருவியையும் சேர்ப்பதற்குத் தமிழில் தொன்றுதொட்டு உள்ள வினை 'பூட்டு'.

இதன் தன்வினை 'பூண்'. உண்–ஊட்டு, காண்–காட்டு, பூண்–பூட்டு என்ற வரிசையைக் கவனிக்கவும். மாடு நுகத்தைப் பூணும், உழவன் பூட்டுவான். பெண் அணி பூண்பாள். உலக்கை நுனியில் இரும்பு வளையம் பூண். துறவி வேடம் பூணுவதும் இதுவே. பூணூலும் இங்கிருந்துதான். தன் மேல் ஒன்றை ஏற்றுக்கொண்டு அதனால் இன்னொன்றாக மாறுவது என்பதே இவை அனைத்துக்கும் அடியில் ஓடும் கருத்து. கலப்பையைப் பூண்ட டிராக்டர் உழும், தொட்டியைப் பூண்ட டிராக்டர் மருந்தடிக்கும். ஆகவே டிராக்டர் பூணுவதற்கு 'பூணி' என்று பெயர் வைக்கலாம். இரண்டே எழுத்து. இதற்கு மேல் சுருக்கம் ஏது?

அந்தக் கையோடு, பாடத்தில் வரும் 'பின்' என்பதை 'ஆணி' என்று மாற்றுங்கள். "உழுவார் உலகத்தார்க்கு ஆணி" என்றார் வள்ளுவர். அது சுவரில் அடிக்கும் ஆணி இல்லை, அச்சாணி.

---

நெல்லை வாத்தியார் எழுதியது:

ஐயா, பூணி என்றால் பழைய அகராதியில் எருது. இழுக்கிற மாட்டின் பெயரை இழுபடுகிற கலப்பைக்கு வைத்தால் வள்ளுவரே வந்தாலும் நியாயப்படுத்த முடியாது.

---

பெருந்துறை ஆசிரியை எழுதியது:

ஆணியும் வேண்டாம் ஐயா. எங்கள் பையன்களிடம் ஆணி என்று சொன்னால் சுத்தியலைத் தேடுவார்கள். இங்கே இருப்பது கீழ்க்கைக்கு 22 மில்லிமீட்டர், மேலே டாப் லிங்க் என்ற மேல்கைக்கு 19 மில்லிமீட்டர் தடிமனுள்ள பின். ஓட்டையில் செருகி, நழுவாமலிருக்க லாக் பின் போட வேண்டும். 'பின்' அப்படியே இருக்கட்டும்.

---

சென்னை மென்பொருள் எழுதியது:

'டிராக்டர்' என்ற சொல்லை மட்டும் எல்லோரும் கூசாமல் எழுதுகிறீர்கள், பின்னால் மாட்டுவதற்கு மட்டும் சங்க இலக்கியமா? தூய்மை வேண்டுமென்றால் தலையிலிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால் 'அட்டாச்மென்ட்' என்றே விட்டுவிட்டு ஆசிரியையைத் தூங்க விடுங்கள்.

---

வேர்ச்சொல் எழுதியது:

இழுவை, உழவுந்து என்று எழுதுவோர் உண்டு. 'உழுவை' என்றும் ஒருவர் எனக்குச் சொன்னார்.

---

நெல்லை வாத்தியார் எழுதியது:

உழுவை புலி! ஒரே இழையில் எருதும் புலியும் வந்தாகிவிட்டது. யானை மட்டும்தான் பாக்கி.

---

கிளிநொச்சி எழுதியது:

வணக்கம் ரீச்சர். நாங்கள் இங்கே உழவு இயந்திரம் என்றுதான் எழுதுவோம், பேச்சில் வெறும் மெசின். பெட்டியை, அதாவது டிரெய்லரை, மெசினில் கொழுவுவோம்; மாட்டுவதை அப்படித்தான் சொல்வோம். 'கொழுவி' என்று வைத்தால் என்ன? கொழு என்றாலே கலப்பையின் இரும்புதானே, வேர்ச்சொல் ஐயாவுக்கும் சந்தோசமாக இருக்கும். என்ன, கொழுவல் என்றால் எங்கட ஊரில் சண்டை என்றும் பொருள். இந்த இழைக்கு அதுவும் பொருந்தும்.

---

காங்கயம் பட்டறை எழுதியது:

கொழுவுவது பெட்டிக்குச் சரி. டிரெய்லர் ஒரே புள்ளியில் கொக்கி போட்டது போல மாட்டி இழுபடும். மூன்று பின்னில் மாட்டுவது அப்படி இல்லை. டிராக்டர் அதைத் தூக்கும், இறக்கும், வரப்பு வந்தால் தூக்கிக்கொண்டே திரும்பும். கலப்பை மண்ணில் கடிக்கும்போது மேலே டாப் லிங்க் வழியாக வண்டியைத் தள்ளும், கீழே இரண்டு கையும் இழுபடும். அந்த விசையை உணர்ந்து ஹைட்ராலிக் தானாகக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். ஹாரி பெர்குசன் என்ற பொறியாளர் கண்டுபிடித்த ஏற்பாடு இது. ஃபோர்டு 1939இல் விட்ட 9என் டிராக்டரில் வந்து உலகம் பூராவும் பரவியது. அதற்கு முன்னால் பெரும்பாலும் கலப்பையைச் சும்மா இழுத்துக்கொண்டு போனார்கள். இழுப்பது வேறு, சேர்ந்து ஒரே உடம்பாக நிற்பது வேறு. சொல்லில் அது தெரிய வேண்டும்.

இப்போது சொல்லை விட முக்கியமான விஷயம். அம்மா, நீங்கள் அனுப்பிய பாடத்தைப் பார்த்தேன். ஸ்பிரிங் பட்டையைச் சட்டத்தில் நேராக வெல்டு வைக்கச் சொல்லியிருக்கிறது. அதை அப்படியே அச்சடிக்காதீர்கள். பட்டை கார்பன் கூடின எஃகு. பச்சையாக வெல்டு வைத்தால் வெல்டு நிற்கும், அதன் ஓரத்தில் பட்டை கண்ணாடி போல விரியும். கசடைத் தட்டும்போதே சில சமயம் 'டிக்' என்று சத்தம் கேட்கும். பையன் தன் கையைக் குறை சொல்லிக்கொள்வான். குறை கையில் இல்லை, சூடேறிச் சட்டென்று ஆறின அந்த ஓரத்து இரும்பில்.

வெல்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் பட்டையை 200, 250 டிகிரிக்குச் சூடுபடுத்திவிட்டு, நன்றாகக் காயவைத்த 7018 என்ற வகை வெல்டிங் ராடில் வைக்க வேண்டும். முடிந்ததும் தண்ணீர் காட்டாமல் காய்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். அதைவிட நல்ல வழி போல்ட்டு. பட்டையின் நடுவில் சென்டர் போல்ட்டு ஓட்டை ஏற்கெனவே இருக்கும். சாதா இரும்புத் தகட்டில் ஒரு பிடி செய்து அதைச் சேனலில் வெல்டு வைத்துவிட்டு, பட்டையை அந்தப் பிடியில் போல்ட்டுப் போட்டு முடுக்குங்கள். ஒரே போல்ட்டு என்றால் பட்டை திரும்பிக்கொள்ளும், இரண்டாவது ஓட்டை வேண்டும். அந்த இடத்தை மட்டும் சிவக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் டிரில் இறங்கும். தேய்ந்தால் பட்டையை மட்டும் கழற்றி மாற்றலாம்.

மூன்று பின்னும் மாட்டுகிற தலைச்சட்டத்தைப் புதிதாக அளந்து செய்யவும் வேண்டாம். கொத்து தேய்ந்துபோன பழைய கலப்பை பழைய இரும்புக் கடையில் கிடக்கும். அதன் தலையை அறுத்து எடுத்தால் மூன்று பின்னுக்கும் அளவு தானாக அமைந்துவிடும். வளைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பெருந்துறை ஆசிரியை எழுதியது:

அண்ணா, மிக்க நன்றி. சொல்லுக்காக வந்தேன், பாடமே திருந்திவிட்டது. போல்ட்டு முறையையே எழுதிவிடுகிறேன். சிறிய டிராக்டர்களுக்கு ஐஎஸ்ஓ 730 தரத்தில் கீழ்ப்பின் இரண்டுக்கும் நடுவே 683 மில்லிமீட்டர், அங்கிருந்து மேல்பின் 460 மில்லிமீட்டர் உயரம் என்று மூலத்தில் உள்ளது. பழைய தலையை இந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு பயிற்சியும் சேர்க்கிறேன்.

டிராக்டரில் மாட்டிவைத்தே டேக் (அங்கங்கே பொட்டு வெல்டு) அடிக்கலாமா?

---

காங்கயம் பட்டறை எழுதியது:

அடிக்கலாம், அப்போதுதான் கோணல் வராது. ஆனால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, வெல்டிங் மெஷினின் எர்த் கவ்வியை டேக் அடிக்கிற சட்டத்திலேயே, பக்கத்திலேயே போட வேண்டும். வண்டியில் எங்கோ கவ்வினால் கரண்ட் பேரிங் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். முழு வெல்டைக் கழற்றிக் கீழே வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

---

வேர்ச்சொல் எழுதியது:

வெல்டிங் பேச்சு வந்ததால் கேட்கிறேன். 'பற்றவைப்பு' என்றால் அடுப்பைப் பற்றவைப்பதும் ஊரில் சண்டையைப் பற்றவைப்பதும் நினைவுக்கு வரவில்லையா? 'பற்றாசு' என்ற பழைய சொல் இருக்கிறது…

---

நெல்லை வாத்தியார் எழுதியது:

ஐயா, பற்றாசு ஈயம் வைத்து ஒட்டுவதற்கு. அதற்குத் தனி இழை தொடங்குங்கள். வியாழன் இரவு ஆகிவிட்டது.

'பூணி'யைக் கைவிட்டால் நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது. 'பூட்டுகருவி'. டிராக்டர் தூக்குகிறதா இழுக்கிறதா என்ற கேள்விக்குள் போகாமல் இரண்டும் ஒன்றாகி நிற்பதைச் சொல்கிறது. ஏவுகணை எப்படி நின்றதோ அப்படி நிற்கும். ஏவுக்கணை என்று யாரும் எழுதுவதில்லையே.

---

கிளிநொச்சி எழுதியது:

பூட்டு என்றால் எங்களுக்கும் வசதி. இங்கே வாகனம் திருத்தும் கராச்சில் எஞ்சினைக் 'கழட்டிப் பூட்டுறது' என்றுதான் சொல்வார்கள். பாகங்களைப் பொருத்துவதெல்லாம் பூட்டுவதுதான். கொழுவியை நான் விட்டுக்கொடுக்கிறேன்.

---

காங்கயம் பட்டறை எழுதியது:

பட்டறையில் யாரும் சொல்ல மாட்டார்கள். புத்தகத்தில் இருந்தால் தப்பில்லை. ஏர் பூட்டுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

---

பெருந்துறை ஆசிரியை எழுதியது:

அப்படியானால் பாடத் தலைப்பில் 'பூட்டுகருவி'. முதல் முறை வரும் இடத்தில் "அட்டாச்மென்ட் என்று கடைகளில் சொல்லப்படும் பூட்டுகருவி" என்று எழுதுகிறேன். உள்ளே முடிந்தவரை 'தோண்டும் கருவி' என்று அதன் பெயரையே சொல்லிவிடப் போகிறேன், அண்ணா சொன்னது அதில் சரி. 'மும்முனை இணைப்பு' போய் 'மூன்று பின் மாட்டு' வந்தாகிவிட்டது. காலையில் அனுப்பிவிடுகிறேன். அனைவருக்கும் நன்றி.

---

சென்னை மென்பொருள் எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பிழைதிருத்தியில் போட்டுப் பார்த்தேன், 'பூட்டுகருவி'க்குக் கீழே சிவப்புக் கோடு விழுந்து 'பூட்டுக்கருவி' என்று காட்டுகிறது. திண்டுக்கல்லில் செய்கிற சாமான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது போல. அச்சகத்திலும் இதே மென்பொருள்தான் இருக்கும். என் சொற்பட்டியலில் 'துணைக்கருவி'யை எடுக்கப் போவதில்லை.

---

நெல்லை வாத்தியார் எழுதியது:

தம்பி, பிழைதிருத்தியைத் திருத்துங்கள். அதை எழுதியதும் உங்கள் ஆட்கள்தானே.