அமெரிக்க இறக்குமதி: எஃப்.எஸ்.வி.பி. பொறுப்பை யார் ஏற்பது?

வணக்கம். நாங்கள் சிறு அளவில் உயர்தர மிளகாய் சாஸ் தயாரிக்கிறோம். அமெரிக்காவில் ஒரு விநியோகஸ்தர் மாதிரி பார்த்து, விலையும் பேசி முடித்துவிட்டார். ஆனால் எஃப்.எஸ்.வி.பி. (வெளிநாட்டு சப்ளையரின் உணவு பாதுகாப்பானதா என்பதை இறக்குமதியாளரே சரிபார்க்க வேண்டும் என்னும் அமெரிக்க விதி) கேட்கும் 'இறக்குமதியாளர்' என்று தன் பெயரைப் போட மாட்டேன் என்கிறார். சரக்கு அங்கே சேர்ந்த பிறகே வாங்கிக்கொள்வாராம். அந்தப் பெயர் இல்லாமல் சுங்கப் பதிவே நகராது.

விவரம்: கண்ணாடி பாட்டில், வினிகர் சேர்த்தது, பிஎச் 3.8, ஆயுள் 12 மாதம். முதல் சரக்கு ஒரே ஒரு பேலட் (சரக்கு அடுக்கும் தட்டு) அளவுதான். பேச்சு பிப்ரவரியில் தொடங்கியது. பண்டிகை விற்பனைக்காக செப்டம்பருக்குள் சரக்கு அங்கே இருக்க வேண்டும்.

எஃப்.டி.ஏ.வில் (அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்) ஆலைப் பதிவு, அமிலமூட்டிய உணவுக்கான செய்முறைத் தாக்கல், லேபிள் எல்லாம் தயார். ஆலைப் பதிவுக்கு வைத்திருக்கும் அமெரிக்க முகவரையே இறக்குமதியாளராகப் பெயர் தரக் கேட்டோம். அது வேறு வேலை, தனி ஒப்புதல் கையெழுத்து வேண்டும் என்றார். அவர் சொன்னது சரிதான். சரக்கு முகவரும் சுங்கத் தரகரும் இதில் தலையிட மறுத்துவிட்டார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு பெயர் தருவதாகச் சிலர் சொல்கிறார்கள். ஆனால் ஆபத்துப் பகுப்பாய்வு, சப்ளையர் சரிபார்ப்பு பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. உணவு விஷயத்தில் அப்படிப்பட்டவர்களை நம்ப எனக்கு மனமில்லை.

சிறிய சரக்குக்கு எஃப்.எஸ்.வி.பி. முகவரை நியமித்து அனுப்பியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: ஒப்பந்தத்தில் சரிபார்ப்பு வேலையையும் சரக்கு தடுக்கப்பட்டால் வரும் செலவையும் யார் பொறுப்பில் எழுதினீர்கள்?